நீறு பூத்த நெருப்பு

குமுட்டி அடுப்பை இப்போது எத்தனை வீடுகளில் பார்க்க முடிகிறது? காஸ் வந்தது, அதற்கப்புறம் மின்சார அடுப்பு வந்தது, குமுட்டி பரணுக்குப் போய்விட்டது. ஆனால் அதில் பால் காய்ச்சிய பாட்டிமார்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டுப் பாருங்கள். இரவு வேலையெல்லாம் முடிந்ததும் மிச்சமிருக்கும் தணலைச் சாம்பலால் மூடிவைப்பார்கள். பார்த்தால் வெறும் சாம்பல் குவியல். ஒரு பொட்டு வெளிச்சம் தெரியாது. கையை அதன் மேல் நீட்டினால்தான், கதகதவென்று சூடு பட்டு, உள்ளே நெருப்பு உயிரோடு இருக்கும் சங்கதி தெரியும். ‘நீறு பூத்த நெருப்பு’ என்று சும்மாவா சொன்னார்கள்!

வானத்திலும் இப்படி நீறு பூத்த நெருப்புகள் இருக்கின்றன. நம் அடுப்பு நெருப்பைப் போலச் சின்ன விஷயம் அல்ல. ஒவ்வொன்றும் லட்சம் கோடி சூரியன்களுக்குச் சமம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அவ்வளவையும் தூசி மூடிக்கொண்டு, பார்ப்பவர்களுக்கு ஒரு மங்கலான திட்டாகக் காட்டிக்கொண்டு, ‘நான் ஒன்றும் அறியேன்’ என்று உட்கார்ந்திருக்கின்றன. வான சாஸ்திரிகள் நெடுங்காலம் அவற்றைக் கண்ணால் பார்த்துவிட்டு அப்பால் போனார்கள். கையை நீட்டிப் பார்த்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது.

வானத்துக்கு எப்படிக் கையை நீட்டுவது என்று கேட்கிறீர்களா? அதற்கு வழி காட்டியவர் வில்லியம் ஹெர்ஷல். இங்கிலாந்தில் 1800-ம் ஆண்டில் அவர் சூரிய ஒளியை முப்பட்டைக் கண்ணாடி வழியாக விட்டு, வானவில்லாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் ஒரு தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், வெளிச்சமே இல்லாத இடத்தில் வைத்த தெர்மாமீட்டரும் சூடேறியது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிர்களுக்குத்தான் அகச்சிவப்புக் கதிர் என்று பெயர். (ஹெர்ஷலின் வான ஆராய்ச்சிக்கு இரவெல்லாம் கண் விழித்துக் குறிப்பெடுத்துக் கொடுத்தவர் அவருடைய தங்கை கரோலின். எட்டு வால் நட்சத்திரங்களைத் தாமே கண்டுபிடித்தவர். 1787 முதல் அரசரிடம் ஆண்டுக்கு 50 பவுன் சம்பளம் வாங்கியவர். அண்ணன் பெயரைச் சொல்லும்போது தங்கையை விட்டுவிடுவது நியாயமாகாது.)

நம் உடம்பும் அகச்சிவப்புக் கதிரை வீசுகிறது. சாப்பாட்டு மேஜையும் வீசுகிறது, சுவரும் வீசுகிறது, டெலிஸ்கோப்பும் வீசுகிறது! இங்கேதான் தொல்லை. சூடு பார்க்கப் போகிற கருவியே சூடாக இருந்தால் என்ன செய்வது? பட்டப்பகலில் மின்மினி தேடுவது போலத்தான். போதாததற்கு, காற்றிலுள்ள நீராவி வானத்திலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர்களில் பெரும் பகுதியை வழியிலேயே விழுங்கிவிடுகிறது.

ஆகவே அமெரிக்கா, நெதர்லாந்து, பிரிட்டன் ஆகிய மூன்று தேசங்களும் சேர்ந்து 1983 ஜனவரியில் ‘ஐராஸ்’ என்ற செயற்கைக் கோளை மேலே அனுப்பின. அதிலிருந்த டெலிஸ்கோப்பின் கண்ணாடி 57 சென்டிமீட்டர்தான். ஒரு பெரிய தாம்பாளத்தின் அளவு. ஆனால் அதைத் திரவ ஹீலியத்தால் ஏறக்குறைய மைனஸ் 270 டிகிரிக்குக் குளிர வைத்திருந்தார்கள். ஹீலியம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். தீர்ந்தால் கதை முடிந்தது. அந்த வருஷம் நவம்பரில் தீர்ந்தும் போயிற்று. அதற்குள் அது வானத்தில் 100-க்கு 96 பங்கைத் துழாவி, சுமார் இரண்டரை லட்சம் சூட்டுப் புள்ளிகளைக் குறித்துக் கொடுத்துவிட்டது. பத்து மாத ஆயுளில் இவ்வளவு வேலை செய்தவர்கள் குறைவு.

அந்தப் புள்ளிகளில் ஒன்றுதான் நம் கதாநாயகி. பெயர் ஆர்ப் 220.

* * *

நட்சத்திர மண்டலம் என்றால் என்ன என்பதை ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். பத்தாயிரம் கோடி, இருபதாயிரம் கோடி என்று நட்சத்திரங்கள் கூடி வாழும் ஊர் அது. நாம் குடியிருக்கும் ஊருக்குப் பால்வீதி என்று பெயர். இந்த ஊர்களில் கோணல்மாணலாக இருப்பவற்றை மட்டும் பொறுக்கியெடுத்து, 338 படங்கள் கொண்ட ஒரு தொகுப்பை 1966-ல் வெளியிட்டார் ஹால்டன் ஆர்ப் என்ற அமெரிக்கர். அதில் 220-வது படம் இது. தூரம் சுமார் 25 கோடி ஒளி ஆண்டுகள். வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளி, 25 கோடி வருஷம் ஓடி நம்மை அடைகிறது.

படத்தில் பார்த்தால் இதில் பெரிய விசேஷம் ஒன்றும் இல்லை. குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை ஓடுகிற மங்கலான திட்டு. ஆனால் ஐராஸ் பார்த்தபோதோ, அது வெளிச்சமாக வீசுவதைப் போல் பல பத்து மடங்கு சக்தியை அகச்சிவப்புக் கதிராக வீசிக்கொண்டிருந்தது! மொத்தம் லட்சம் கோடிச் சூரியன்களுக்கு மேல். நம் பால்வீதி அதன் பக்கத்தில் ஒரு குத்துவிளக்கு.

இப்படிப்பட்டவை ஒன்றிரண்டல்ல, நிறையவே இருப்பது பிறகு தெரிந்தது. ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே கதைதான்: இரண்டு மண்டலங்கள் மோதிக்கொண்டிருக்கின்றன. மோதல் என்றதும் நட்சத்திரங்கள் முட்டி நொறுங்குவதாக நினைக்கக் கூடாது. நட்சத்திரங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி அவ்வளவு பெரிது. எதிரெதிரே வரும் இரண்டு கல்யாண ஊர்வலங்கள் விலகிப் போவதுபோல் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து போய்விடும். அகப்பட்டுக்கொள்வது வாயுவும் தூசியும்தான். அவை மோதி, வேகம் இழந்து, நடுவே போய்க் குவிகின்றன. ஆர்ப் 220-ன் நடுவில் 5,000 ஒளி ஆண்டு அகலத்துக்குள், நம் பால்வீதி முழுவதிலும் இருக்கிற அளவு வாயு திணிந்து கிடக்கிறதாம். ஒரு கிராமத்துச் சத்திரத்துக்குள் ஒரு பட்டணத்தை அடைத்த மாதிரி.

தூசி என்று சொல்கிறேனே, அது நாம் காலையில் பெருக்கித் தள்ளுகிற தூசி அல்ல. கிழ நட்சத்திரங்கள் ஊதித் தள்ளிய மணலும் கரியும். ஒவ்வொரு துகளும் தலைமயிரின் பருமனில் நூற்றில் ஒரு பங்குகூட இராது. இந்தப் பொடி, வெளிச்சத்தை விழுங்கிவிட்டு, அதனால் லேசாகச் சூடேறி, அந்தச் சூட்டை அகச்சிவப்புக் கதிராக வெளியே விடுகிறது. சாம்பல் செய்கிற வேலை அப்படியே. ‘சூடு’ என்பதும் அங்கே ஒரு மரியாதைக்குத்தான்! இந்தத் தூசியில் பெரும் பகுதி மைனஸ் 220, 230 டிகிரியில் இருக்கிறது. அண்டவெளியின் குளிரோடு ஒப்பிட்டால் அதுவே கதகதப்பு.

சரி, சாம்பல் தெரிந்துவிட்டது. உள்ளே எரிவது என்ன? அங்கேதான் சண்டை ஆரம்பம்.

ஒரு கட்சி சொல்லிற்று: “உள்ளே நட்சத்திரப் பிரசவம் நடக்கிறது. இவ்வளவு வாயு குவிந்தால் நட்சத்திரங்கள் கும்பல் கும்பலாகப் பிறக்காமல் என்ன செய்யும்? அந்த இளம் நட்சத்திரங்களின் வெளிச்சம்தான் தூசியைச் சூடாக்குகிறது.” இன்னொரு கட்சி சொல்லிற்று: “அதெல்லாம் போதாது. நடுவில் ஒரு பெரிய கருந்துளை உட்கார்ந்து விழுங்கிக்கொண்டிருக்கிறது.”

கருந்துளையிலிருந்து ஒளியே வெளிவராது என்று படித்திருக்கிறோமே, அது எப்படி அடுப்பாகும்? உள்ளே விழுந்த பிறகு வராதுதான். விழுவதற்கு முன் நடப்பதுதான் வேடிக்கை. தொட்டியின் அடியில் அடைப்பானைப் பிடுங்கினால் தண்ணீர் நேரே இறங்காமல் சுற்றிச் சுற்றி இறங்குகிறதல்லவா? அதுபோல வாயு கருந்துளையைச் சுற்றிச் சுழன்று, உராய்ந்து, தகதகவென்று காய்ந்து ஒளி விடுகிறது. சூரியனில் ஹைட்ரஜன் எரியும்போது அதன் எடையில் 1,000-க்கு 7 பங்குதான் சக்தியாகிறது. கருந்துளை ஓரத்திலோ பத்தில் ஒரு பங்கு வரைக்கும் சக்தியாகலாம். இவ்வளவு சிக்கனமான அடுப்பு உலகத்தில் வேறில்லை. இப்படி விழுங்கிக்கொண்டிருக்கும் நடுப்பகுதியைத்தான் ‘செயல்படும் உட்கரு’ என்கிறார்கள். தூசி மூடாமல் பளிச்சென்று தெரிந்தால் அதற்குக் க்வாஸார் என்று பட்டம்.

டேவிட் ஸாண்டர்ஸும் அவருடைய சகாக்களும் 1988-ல் ஒரு யோசனை சொன்னார்கள். இந்தச் சூட்டு மண்டலங்களும் க்வாஸார்களும் வேறு வேறு ஜாதி அல்ல. ஒரே ஆசாமியின் இரண்டு வயசு. மண்டலங்கள் மோதுகின்றன, தூசி மூடுகிறது, உள்ளே கருந்துளை கொழுக்கிறது, கடைசியில் அதன் வேகமே தூசியை ஊதித் தள்ள, க்வாஸார் வெளியே தெரிகிறது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சாம்பலைக் கிளறிப் பார்க்காமல் எப்படி நம்புவது?

கிளறாமலே பார்க்க ஒரு வழி ஏற்கெனவே கிடைத்திருந்தது. எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். என்.ஜி.ஸி. 1068 என்று ஒரு மண்டலம், சுமார் நாலரைக் கோடி ஒளி ஆண்டு தூரத்தில், நமக்குக் கிட்டத்தில் இருக்கிறது. அதன் நடுவில் ஏதோ செயல்படுகிறது என்று தெரியும். ஆனால் முகம் தெரியவில்லை. ராபர்ட் அன்டோனுச்சி, ஜோஸப் மில்லர் என்ற இருவரும் 1985-ல் ஒரு யுக்தி செய்தார்கள். கதவுக்குப் பின்னால் ஒளிந்திருப்பவரை எதிர்ச் சுவரிலுள்ள நிலைக்கண்ணாடியில் பார்த்துவிடுகிறோம் அல்லவா? அதே யுக்தி! உட்கருவின் ஒளி நேரே வராவிட்டாலும், மேலும் கீழும் கிளம்பி, அங்கே மிதக்கும் வாயுவில் பட்டுச் சிதறி நம் பக்கம் கொஞ்சம் வருகிறது. பட்டுச் சிதறிய ஒளியின் அதிர்வு ஒரே திசையில் ஒழுங்காகிவிடும். வெயிலுக்குப் போடும் போலராய்டு கண்ணாடி தடுப்பது இப்படிப்பட்ட ஒளியைத்தான். அந்த ஒளியை மட்டும் பிரித்தெடுத்துப் பார்த்தார்கள். மறைந்திருந்த முகம் தெரிந்தது. அதி வேகமாகச் சுழலும் வாயுவின் அடையாளம் அதில் அப்படியே இருந்தது.

அதாவது தூசி உட்கருவை முழுக்க மூடவில்லை. வளையமாகச் சுற்றியிருக்கிறது. மேல்நாட்டார் இதை ‘டோநட்’ என்று வர்ணிக்கிறார்கள். நமக்கு எதற்கு டோநட்? உளுந்து வடை என்று சொன்னால் போகிறது. வடையின் ஓட்டை வழியாகப் பார்த்தால் நடுவில் எரிவது தெரியும்; பக்கவாட்டில் பார்த்தால் வடைதான் தெரியும். ஐரோப்பியர் சிலி தேசத்தில் வைத்திருக்கும் நான்கு பெரிய டெலிஸ்கோப்புகளின் ஒளியை ஒன்று சேர்த்து, 2022-ல் இந்த மண்டலத்தின் தூசியைப் படமாக்கிக் கருந்துளை மறைந்திருக்கும் இடத்தைக் காட்டினார்கள். அதே வருஷம் நவம்பரில் இன்னொரு சேதி. தென் துருவப் பனிக்கட்டிக்குள் புதைத்து வைத்திருக்கும் ‘ஐஸ்கியூப்’ கருவி, பத்து வருஷக் காலத்தில் இந்த மண்டலத்திலிருந்து வந்த சுமார் 80 நியூட்ரினோத் துகள்களை எண்ணிக் கொடுத்தது. நியூட்ரினோவுக்குத் தூசியாவது மண்ணாவது! பூமியையே துளைத்துக்கொண்டு போகிற பிறவி அது.

ஆர்ப் 220 கோஷ்டிக்கு இந்த நிலைக்கண்ணாடி வித்தை அவ்வளவாகப் பலிக்கவில்லை. அங்கே தூசி வடையாக இல்லை. கொழுக்கட்டையாக நாலா பக்கமும் மூடியிருக்கிறது. ஆகவே 1995-ல் கிளம்பிய ‘ஐஸோ’ என்ற ஐரோப்பியச் செயற்கைக் கோளை வைத்துக்கொண்டு, ரைன்ஹார்ட் கென்ஸல் கோஷ்டியார் அகச்சிவப்பு நிறமாலையிலேயே துப்புத் தேடினார்கள். இரண்டு துப்புகள். ஒன்று, நியான். கடைப் பலகையில் எரிகிறதே, அதே வாயு. ஒரு நியான் அணுவிலிருந்து நான்கு எலெக்ட்ரான்களைப் பிய்த்தெறிய வேண்டுமானால் நட்சத்திர ஒளிக்குத் திராணி போதாது. கருந்துளை ஓரத்துக் கதிர்தான் வேண்டும். இன்னொன்று, கரிப்புகை. தோசை கருகும்போதும் மோட்டார்ப் புகையிலும் உண்டாகும் ஒரு ஜாதிக் கரிக் கூட்டுப் பொருள்கள் விண்வெளியிலும் இருக்கின்றன. பட்டுப் புடவைக்கு நடுவில் வைக்கிறோமே அந்துருண்டை, அதிலுள்ள நாப்தலின் இந்தக் குடும்பத்தின் கடைக்குட்டி. நட்சத்திரம் பிறக்கும் இடத்தில் இவை பளபளக்கும். கருந்துளையின் கடுங்கதிர் பட்டால் சிதைந்து போகும்.

தீர்ப்பு 1998-ல் வந்தது. பார்த்தவை 15 மண்டலங்கள். முக்கால்வாசியில் நட்சத்திரப் பிரசவமே பெரிய அடுப்பு; கால்வாசியில் கருந்துளை. பாதிக்கு மேல் இரண்டு அடுப்பும் சேர்ந்தே எரிகின்றன! இரு கட்சியாரும் வெற்றி கொண்டாடியிருக்கலாம்.

ஆனால் கணக்கு அதோடு தீரவில்லை. மாதக் கடைசியில் கணக்கு நோட்டைப் பார்க்கிறீர்கள். எழுதிய செலவையெல்லாம் கூட்டினால் ஒரு தொகை. பெட்டியில் குறைந்திருப்பது அதைவிடப் பெரிய தொகை. எழுதாமல் விட்ட செலவு எங்கோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்? ரிக்கார்டோ ஜியாக்கோனி 1962-ல் ராக்கெட் விட்டுப் பார்த்ததிலிருந்து, வானம் முழுவதும் மங்கலான எக்ஸ்ரே ஒளி பரவியிருப்பது தெரியும். தெரிந்த கருந்துளைகளையெல்லாம் கூட்டினாலும் அந்த மொத்தத்துக்கு, முக்கியமாக அதிலுள்ள கடுமையான கதிர்களுக்கு, ஈடாகவில்லை. நோட்டில் எழுதாமல் விட்டுப்போனவை தூசிக்குள் ஒளிந்த கருந்துளைகள்தாம். கடுமையான எக்ஸ்ரே தூசியை ஊடுருவி வரும். ஆஸ்பத்திரியில் சதையை ஊடுருவி எலும்பைக் காட்டவில்லையா? அப்படி ‘சந்திரா’ டெலிஸ்கோப் 2002-ல் என்.ஜி.ஸி. 6240 என்ற மோதல் மண்டலத்தைப் பார்த்தபோது ஆச்சரியம் காத்திருந்தது. ஒரே வீட்டில் இரண்டு கருந்துளைகள்! இரண்டுமே விழுங்கிக்கொண்டிருந்தன. (இந்தச் சந்திரா, நம் சுப்பிரமணியன் சந்திரசேகர் பெயரால் அமைந்தது என்பதை நினைத்துக் கொஞ்சம் பெருமைப்படலாம்.)

ஸாண்டர்ஸ் சொன்ன கடைசிக் கட்டத்துக்கும் சாட்சி கிடைத்தது. விசிறியால் வீசினால் சாம்பல் பறந்து தணல் சிவக்கும் அல்லவா? சப்தரிஷிகள் இருக்கும் திசையில் 60 கோடி ஒளி ஆண்டுகளுக்கு அப்பால் மார்க்கேரியன் 231 என்று ஒரு மண்டலம். அதன் உட்கரு பாதி மூடியும் பாதி திறந்தும் இருக்கிறது. அங்கிருந்து வருஷத்துக்கு நூற்றுக்கணக்கான சூரியன்களின் எடையுள்ள வாயு வெளியே வீசப்படுவதை 2010-ல் அளந்தார்கள். நட்சத்திரம் பிறக்க வேண்டிய வாயு அது. இதே வேகத்தில் போனால் அந்த ஊரில் இனிக் குழந்தைகளே பிறக்காது. கருந்துளை கொழுப்பதும் ஒரு மண்டலம் மலடாவதும் சம்பந்தமுள்ள விஷயங்களா என்பது இப்போது பெரிய ஆராய்ச்சியாக நடந்துகொண்டிருக்கிறது.

1,240 கோடி ஒளி ஆண்டுகளுக்கு அப்பால் 300 லட்சம் கோடிச் சூரியன்களையும் மிஞ்சிய ஒன்று 2015-ல் அகப்பட்டது. அக்கம்பக்கத்து மண்டலங்கள் மூன்றை அது விழுங்கிக்கொண்டிருப்பதாக 2018-ல் கண்டார்கள். ‘சூடான, தூசி மூடிய மண்டலம்’ என்பதன் ஆங்கில எழுத்துகளைச் சுருக்கினால் ‘ஹாட் டாக்’ என்று வருகிறது. அப்படியே பெயர் வைத்துவிட்டார்கள். விஞ்ஞானிகளுக்கும் பசிக்கும் போலிருக்கிறது.

* * *

ஆர்ப் 220 என்ன ஆயிற்று? 2021 கிறிஸ்துமஸ் தினத்தன்று கிளம்பிய ஜேம்ஸ் வெப் டெலிஸ்கோப் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டு பார்க்கிறது. அதன் பிரதான காமிராவை உருவாக்கும் பொறுப்பை ஏற்றவர் அரிஸோனா சர்வகலாசாலையின் மார்ஸியா ரீக் அம்மையார். இன்னும் நீண்ட அகச்சிவப்பு அலைகளைப் பார்க்கும் கருவிக்கு, அமெரிக்கத் தரப்பில் விஞ்ஞானத் தலைவர் அவருடைய கணவர் ஜார்ஜ் ரீக். வீட்டில் எந்தக் கருவி உசத்தி என்ற பேச்சு வராமலா இருக்கும்! கணவரின் கருவிக்குத்தான் குளிர் அதிகம் வேண்டும். மைனஸ் 266 டிகிரி. ஐராஸைப் போல ஹீலியம் தீர்ந்து போகாமல், அதையே சுற்றிச் சுற்றி ஓடவிடும் குளிர்பதனப் பெட்டி வைத்திருக்கிறார்கள்.

அந்த வெப் டெலிஸ்கோப் எடுத்த ஆர்ப் 220-ன் படம் 2023-ல் வெளிவந்தது. இரண்டு மண்டலங்களின் நடுப்பகுதிகளும் 1,200 ஒளி ஆண்டு இடைவெளியில், கண் கூசும் ஒரே சுடராகத் தெரிகின்றன. சுற்றிலும் ஏறக்குறைய 200 ராட்சத நட்சத்திரக் கூட்டங்கள். ரேடியோ டெலிஸ்கோப்புகளின் கணக்குப்படி அங்கே வருஷத்துக்குச் சுமார் நான்கு நட்சத்திரங்கள் வெடித்துச் சாகின்றன. நம் பால்வீதியில் நூறு வருஷத்துக்கு இரண்டு நடந்தால் அதிகம். பிரசவக் கட்சிக்கு இதைவிடப் பலமான சாட்சி வேண்டியதில்லை. கருந்துளைக் கட்சிக்கு? வெப் டெலிஸ்கோப்பின் நிறமாலைக் கருவியைக் கொண்டு இரு நடுப்பகுதிகளையும் துருவியவர்கள், செயல்படும் உட்கருவின் அடையாளம் எதுவும் தென்படவில்லை என்று 2024-ல் எழுதினார்கள். கருந்துளை தூங்குகிறதா, அல்லது அந்தக் கதிர்களும் புகமுடியாத அளவுக்குத் தூசி திணிந்திருக்கிறதா என்ற விவாதம் நடக்கிறது.

ஒருவேளை இந்நேரம் அங்கே தூசி பறந்து, க்வாஸார் ஒன்று பளிச்சென்று வெளியே வந்திருக்கலாம். வந்திருந்தாலும் அந்த வெளிச்சம் நம்மிடம் வந்து சேர 25 கோடி வருஷம் ஆகும்.